விஜயதசமிக்கு எடுக்காத ஏசி

திருச்சியில் வெயில் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது, வெயில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும் காலம்தான் உண்டு என்பார் அருணகிரி. அந்த மூச்சு வாங்கல் புரட்டாசிக் கடைசியில் ஆரம்பித்து மாசியில் முடிந்துவிடும் என்பதும், அதுவரைக்கும் ஏசிக்கும் ஓய்வு கொடுத்தே தீரவேண்டும் என்பதும் அவருடைய வீட்டுச் சட்டம். அரசு பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்பானர் பிடித்து, போர்மேனாக ஓய்வுபெற்ற மனிதர் அவர். இயந்திரங்களின் மேல் அவருக்கு இருந்த மரியாதை மனிதர்களின் மேலும் இருந்ததா என்பது அவர் மனைவி தனபாக்கியத்துக்குக் கடைசிவரை தீராத சந்தேகம்.

வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்றுதான் அவர் ஏசியை நிறுத்துவார். மதியம் வரைக்கும் பதினெட்டில் ஓடவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் வெறும் காற்றாக ஓடவிட்டு உள்ளே இருக்கும் ஈரத்தைக் காயவைத்து, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி, ரிமோட்டிலிருந்து பேட்டரிகளை எடுத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, பால்கனியில் இருக்கும் வெளி யூனிட்டுக்குத் தார்ப்பாயில் தைத்த சட்டையை மாட்டிவிட்டு, அதன் பிறகுதான் சந்தனம், குங்குமம், பொரி கடலை, சாம்பிராணி எல்லாம். மறுநாள் விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து அதே ஏசியை ஐந்தே நிமிஷம் ஓட்டி, "எடுத்தாச்சு" என்று சத்தமாகச் சொல்லி மறுபடி அணைப்பார். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் கையில் எடுத்துவிட வேண்டும், எடுக்காத பொருள் வைத்த நாளிலேயே நின்றுபோகும் என்பது டிப்போவில் கிரீஸ் பட்ட அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த ஏசி வீட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அது இல்லாமல் தூக்கம் வராது, அவளுக்கு அது இருந்தால் தூக்கம் வராது. மூக்கு அடைத்துக்கொள்ளும், எலும்பெல்லாம் குடையும். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து ஃபேனுக்கு அடியில் படுத்தாள், அவர் குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டார், அவ்வளவுதான் நடந்தது. ஏசி ஓய்வெடுக்கும் மாதங்களிலும் அந்தத் தலையணை திரும்பி உள்ளே போகவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. ஒன்பது மணிக்குச் சாத்திய கதவு காலை ஆறுக்குத் திறக்கும். ஒரே வீட்டுக்குள் அவருக்கு மார்கழி, அவளுக்குச் சித்திரை என்று நான்கு வருஷம் ஓடியதில், இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டியதையெல்லாம் பகலிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். பகலில் பேசுவதற்குக் கேஸ் சிலிண்டரும் கரண்ட்டு வரும் போகும் நேரமும்தான் இருந்தன.

போன புரட்டாசியிலும் ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. பூஜை முடிந்து, அந்த அறைக்குள்ளேயே இருந்த குளியலறையில் கைச் சந்தனத்தைக் கழுவிவிட்டு வந்து, ஒரு பிடி பொரி தின்று, முட்டி வலிக்கிறது என்று சொல்லிச் சீக்கிரமே படுத்தார். அவள் ஹாலில் படுத்தாள். விடிந்து கதவைத் திறந்தபோது அவர் உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்துவைத்த சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அன்று விஜயதசமி என்பதோ, பூஜையில் வைத்த ஏசியை எடுக்கவில்லை என்பதோ ஒருவருக்கும் நினைவில்லை.

தனபாக்கியத்தின் மனதில் வேறொன்று முள்ளாகக் கிடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஏசி ஓடவே இல்லை. அவள் அந்த அறையில் போய்ப் படுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. மூக்கு அடைத்திருக்காது, எலும்பு குடைந்திருக்காது. ஆனாலும் ஹாலில்தான் விரித்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடைசி உறவுக்காரரும் பஸ் ஏறிப் போன பிறகு, அவருடைய சட்டைகளை எடுத்துவைக்கலாம் என்று, அவரை எடுத்த நாளிலிருந்து சாத்தியே கிடந்த அந்த அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே குளிர்ந்தது. சாம்பிராணி வாசம் அப்படியே இருந்தது. ஏசியின் நெற்றியில் சந்தனம் ஈரமாக இருந்தது, ஜன்னல் கண்ணாடியில் ஆயுத பூஜை சாயங்காலத்து மஞ்சள் வெளிச்சம் இருந்தது, சாத்தியிருந்த குளியலறைக் கதவுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "என்னங்க" என்றாள்.

"ரெண்டே நிமிஷம்," என்றார் அருணகிரி உள்ளேயிருந்து. "கை கழுவிட்டு வந்துர்றேன்."

சரி என்று சொல்லிவிட்டு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நிமிஷம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஐப்பசி மழை பெய்து முடிந்தது, கார்த்திகைக்கு எல்லா வீட்டிலும் விளக்கு வைத்தார்கள், மார்கழிக் கோலங்களைப் பால்காரன் மிதித்துக்கொண்டு போனான், தை பிறந்து பொங்கல் பொங்கியது. வெளியே இத்தனையும் நடந்தன, உள்ளே ஆயுத பூஜை சாயங்காலம் நடந்துகொண்டிருந்தது.

விஷயம் பொன்னி அடுக்ககத்தின் இருபத்துநான்கு வீடுகளுக்கும் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் வந்தவர் சங்கச் செயலாளர் மதிவாணன். குழாய் இராப்பகலாக ஓடினால் மேல்தொட்டி காலியாகிவிடுமே என்பது அவர் கவலை. தொட்டியை ஏறிப் பார்த்து, ஒரு அங்குலமும் குறையவில்லை, அது போன புரட்டாசித் தண்ணீர் என்று தெரிந்ததும் நிம்மதியாக இறங்கிப் போனார். கதவை உடைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு தச்சரைக் கூட்டிவந்தார்கள். அவர் கதவைத் தள்ளிப் பார்த்து, தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருப்பதைத் தெரிந்துகொண்டு, உடைப்பது பெரிய வேலை இல்லை, ஆனால் உள்ளே ஒரு மனுஷன் கை கழுவிக்கொண்டிருக்கும்போது எப்படி உடைப்பது என்று கேட்டு, உளியைப் பையில் போட்டுக்கொண்டார். அது நியாயமாகத்தான் எல்லாருக்கும் பட்டது.

பிறகு ஆளாளுக்கு வர ஆரம்பித்தார்கள். பூக்கட்டி விற்கும் ஜரினா கூடை கூடையாக மல்லிகை மொட்டைக் கொண்டுவந்து வைத்தாள், எந்த மொட்டும் அங்கே அவிழவில்லை. முதல் மாடி சரோஜா இட்லி மாவை வைத்தாள், பதினொரு நாள் ஆகியும் புளிக்கவில்லை. பல்வலியோடு வந்த ஒருவருக்கு வலி கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை. அரைநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் போனார். எதிர்வீட்டு நிவேதா பரீட்சைக்குப் படிக்க வந்தாள், அந்த அறையில் படித்தால் தலையில் ஒன்றும் ஏறவில்லை என்று புகார் சொன்னாள், வெளியே படித்தாலும் அப்படித்தானே என்றாள் அவள் அம்மா. அந்த அறையில் எதுவும் கெடாது, எதுவும் ஆறாது என்று அடுக்ககம் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. தனபாக்கியத்தின் துக்கமும் அங்கே கெடாமல் ஆறாமல் அவள் கூடவே உட்கார்ந்திருந்தது, அதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

அருணகிரியிடமும் பேச ஆரம்பித்தார்கள். பையனுக்கு விசா எப்போது வரும் சார் என்று ஒருவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். ரெண்டே நிமிஷம் என்று பதில் வந்தது. மறுநாளே விசாவும் வந்தது. அவ்வளவுதான், கல்யாணம் தள்ளிப்போனவர்கள், வேலைக்கு எழுதிப்போட்டவர்கள், பத்திரப்பதிவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் படியேறினார்கள். எத்தனை பேருக்குப் பலித்தது என்று யாரும் எண்ணவில்லை, பலித்தவர்கள்தான் திரும்ப வந்து தேங்காய் பழம் வைத்தார்கள். கூட்டம் தாங்காமல் மதிவாணன் ஒரு அறிவிப்பை அச்சடித்து ஒட்டினார்: காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மாலை மூன்றிலிருந்து ஐந்து, செருப்பு வெளியே, குளியலறைக் கதவைத் தட்டக்கூடாது, இட்லி மாவுக்கு அனுமதி இல்லை.

பத்து வருஷமாக அந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத ஜனங்கள் இப்போது தனபாக்கியத்தை அக்கா என்றும் அத்தை என்றும் கூப்பிட்டார்கள். வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடந்தது. அவளும் எல்லாருக்கும் டீ போட்டாள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் குளியலறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தார்கள், அவள் பக்கம் முதுகுதான் இருந்தது, ஐந்து மணி அடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, சிலிண்டர் வந்தது, மாடி லைட் ஃப்யூஸ் போய்விட்டது, கத்தரிக்காய் சொத்தை என்று கதவிடம் சொல்லுவாள். ரெண்டே நிமிஷம் என்பார் அவர். உயிரோடு இருந்தபோதும் ஏறக்குறைய இவ்வளவுதான் பேசினார் என்று அவளுக்குச் சிரிப்பு வரும், சிரிப்பின் பின்னாலேயே அழுகையும் வரும். நான்கு வருஷம் ஒரு கதவுக்கு வெளியே இருந்தவள், இப்போது ஒரு கதவு தள்ளி உள்ளே வந்திருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாசிக் கடைசியில், கூப்பிடாமலே சகாயராஜ் வந்தார். வருஷா வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன் ஏசியைச் சுத்தம் செய்து ஓடவிட்டுப் போகிற மெக்கானிக் அவர். கர்த்தரைக் கும்பிடுகிறவர் என்றாலும், கடையில் ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வைப்பதை ஒரு வருஷமும் விட்டதில்லை. ஏசியின் நெற்றியில் இருந்த சந்தனத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டியது. விஜயதசமிக்கு எடுத்தீர்களா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அதாம்மா. வெச்சது வெச்ச இடத்துலயே நிக்குது," என்றார் சகாயராஜ். "நான் சுத்தம் பண்ணி ஓடவிட்டா ஓடிரும். ஏசியும் ஓடும், அந்தச் சாயங்காலமும் ஓடும்."

அந்தச் சாயங்காலம் ஓடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கதவு திறக்கும், அவர் வருவார், பொழுது சாயும், பிறகு விடியும். விடிந்தால் அவர் இருக்கமாட்டார், இந்தத் தடவை குரலும் இருக்காது. இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள்.

பங்குனி பிறந்து, காவேரி மணலில் கால் வைக்கமுடியாதபடி வெயில் காய ஆரம்பித்தது. அடுக்ககமே அந்த ஒரு அறைக்குள் ஒண்டியது. ஒருநாள் மதியம் கூட்டமெல்லாம் சாப்பிடப் போயிருந்த நேரம், ஜரினா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கதவருகில் நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டாள். அவளுக்கு விசா வேண்டாம், மாப்பிள்ளை வேண்டாம், ஒன்றும் கேட்கிறவள் இல்லை.

"ஆறு மாசமா நின்னுக்கிட்டே இருக்காரேக்கா," என்றாள். "முட்டி வலிக்காது?"

தனபாக்கியம் திரும்பிக் குளியலறைக் கதவைப் பார்த்தாள். இத்தனை மாதமாக எல்லாரும் அவரிடம் கேட்டார்கள்; அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கட்டின பெண்டாட்டி அவளும் கேட்கவில்லை. வலது முட்டி தேய்ந்துபோய், பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்கமுடியாமல், பஸ்ஸில் யார் எழுந்து இடம் கொடுத்தாலும் கூச்சப்படாமல் உட்கார்ந்துகொள்ளும் மனிதர். வாஷ்பேசின் முன்னால், கையில் சோப்போடு, ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் தையும் மாசியும் நின்றிருக்கிறார். அவர் குரல் மாறாமல் கேட்கிறதே, கூடவே இருக்கிறாரே என்று அவளும் நிற்கவைத்திருக்கிறாள். அன்று சாயங்காலமே சகாயராஜுக்குப் போன் செய்தாள்.

விஷயம் தெரிந்ததும் சங்கம் படியேறி வந்தது. சித்திரையையாவது தாண்டிக்கொள்ளலாமே, அக்னி நட்சத்திரம் முடியட்டுமே என்று மதிவாணன் பணிவாகத்தான் சொன்னார். பொதுநலம் என்று ஒன்று இருக்கிறதே என்றார் இன்னொருவர். இனிமேல் யாருமே இந்தப் படி ஏறமாட்டார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்று சரோஜா கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னாள். அதைத் தனபாக்கியம் ஏற்கெனவே யோசித்திருந்தாள். அது பயமாகவும் இருந்தது.

"அவருக்கு முட்டி வலிங்க," என்றாள். "உக்காரணும் அவரு."

ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

புதன்கிழமை மூன்று மணிக்குச் சகாயராஜ் வேலையை ஆரம்பித்தார். வெளி யூனிட்டின் தார்ப்பாய்ச் சட்டைக்குள் புறா கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்தும் போயிருந்தது, அந்தக் குச்சிகளைப் பொறுக்கிப் போட்டார். தண்ணீர் பீச்சித் தூசியை இறக்கினார், ஃபில்டரைக் கழுவினார், தண்ணீர் வடியும் குழாயை ஊதி அடைப்பு எடுத்தார், ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார். சந்தனப் பொட்டை மட்டும் தொடவில்லை. எல்லாம் முடிந்து ஸ்டெபிலைசரைப் போட்டுவிட்டு, ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, நீங்கள்தான் எடுக்கவேண்டும், முதலில் வெறும் காற்று, பத்து நிமிஷம் கழித்துத்தான் குளிர் என்று சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் அறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பொத்தானை அழுத்தினாள். ஏசி ஒரு தரம் முனகியது, வாயைத் திறந்தது, ஆறு மாதத்துப் புழுக்கத்தை முகத்தில் ஊதியது. ஜன்னல் கண்ணாடியில் இருந்த மஞ்சள் வெளிச்சம் போய்ப் பங்குனி வெயில் கண்ணைக் கூசவைத்தது. நெற்றிச் சந்தனம் காய்ந்து வெடித்து உதிர்ந்தது. ஜரினா விட்டுப்போயிருந்த கூடையில் மல்லிகை மொட்டுகள் அத்தனையும் அவிழ்ந்து அறை முழுக்க மணத்தது. அப்புறம் தண்ணீர் நின்றது. ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் அவளுக்குக் காது அடைத்ததுபோல் ஆகி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தாழ்ப்பாளை நீக்கி அருணகிரி வெளியே வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து, அப்பாடா என்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் ஜன்னலைப் பார்த்தார்.

"என்ன தனம், புரட்டாசியில இந்த வெயில் அடிக்குது?"

"நீங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பங்குனி வந்துருச்சு," என்றாள்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கி, பூஜையில் வைத்த ஏசி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பேருந்து உள்ளே நுழையும் சத்தத்திலேயே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறவர். அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. யார் எடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றாள். விஜயதசமி எப்போது போனது என்று கேட்டார், ஆறு மாதம் ஆகிறது என்றாள். நான் எப்படிப் போனேன் என்று கேட்டார், ராத்திரி தூக்கத்திலேயே என்றாள். அவர் முட்டியை நீவிக்கொண்டே, நாளைய டியூட்டியைக் கேட்டுக்கொள்கிற மாதிரி, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நீ பக்கத்துல இருந்தியா?"

ஆறு மாதத்தில் அடுக்ககம் முழுக்க வந்துபோயும் ஒருவரும் கேட்காத கேள்வி.

"இல்லங்க. அன்னைக்கு ராத்திரி ஏசிகூட ஓடல. உள்ள வந்து படுத்திருக்கலாம். நான் பழக்க தோஷத்துல ஹால்லயே படுத்துட்டேன்."

அதற்குமேல் முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அழாதே என்று சொல்லவில்லை, ஆறுதல் சொல்லிப் பழகாத மனிதர். அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார்.

"நானும் கூப்பிட்டிருக்கலாம்ல," என்றார். "நாலு வருஷத்துல ஒரு நாள்."

பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவர் ரிமோட்டை வாங்கி ஏசியைக் குளிருக்கு மாற்றி, பதினெட்டைத் தாண்டி, இருபத்துநான்கைத் தாண்டி, இருபத்தெட்டில் கொண்டுபோய் வைத்தார். வலது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் போட்டு, மெல்ல மெல்லச் சுவரோரம் நகர்ந்து, பாதிக் கட்டிலைக் காலி செய்தார். வெளியே இன்னும் நிறைய வெயில் மிச்சம் இருந்தது. அவள் அந்தப் பாதியில் படுத்து, அவர் தோளின் மேல் கையைப் போட்டுக்கொண்டாள்.

குளிருதா என்று கேட்டார். இல்லை என்றாள். குளிரத்தான் செய்தது, மூக்கும் அடைக்க ஆரம்பித்தது. சால்வை கால்மாட்டில்தான் கிடந்தது, ஆனால் அதை எட்டி எடுப்பதென்றால் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவேண்டும், அதனால் அவள் எடுக்கவில்லை.